பிச்சாவரக் கட்டுரையும் மணிக்கொடிக் கட்டுரையும்

அண்ணாமலை நகரில் உட்கார்ந்து இரண்டு கட்டுரைகளைத் தேட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் வேர் கடலூர் மாவட்டத்தில்தான். ஒன்று, 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு ஊர்களைக் காப்பாற்றியதா என்பது பற்றியது. மற்றது, 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலம், அதாவது புதுமைப்பித்தன், 1930களில் ஏதோ ஒரு பத்திரிகையில் ஏதோ ஒரு பெயரில் எழுதியது. முதல் கட்டுரை டீ ஆறுவதற்குள் கைக்கு வந்துவிடும். இரண்டாவது ஒரு செமஸ்டர் முழுக்க அலைந்தாலும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

ஏன் என்று கேட்டால் தாழ்வாரத்தில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “அது இங்கிலீஷ், சார். எல்லாம் ஆன்லைன். இது பழைய தமிழ்ப் பேப்பர்.” இந்தப் பதிலில் பாதி உண்மைகூட இல்லை என்பது என் கட்சி. இரண்டு தேடல்களையும் நடந்து பார்த்தால்தான் அது விளங்கும்.

பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் கழிமுகத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. தெற்கே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் ஏறத்தாழ 1,100 ஹெக்டேருக்குப் பிச்சாவரம் காடு. சுனாமி அடித்த மறு ஆண்டே, 2005இல், இந்த மையத்தின் கதிரேசனும் அவரோடு ராஜேந்திரனும் கடலோரத்தில் 18 குக்கிராமங்களின் சேதத்தை ஒப்பிட்டு, காடு அலையைத் தணித்தது என்று எழுதினார்கள். ‘எஸ்சுவரைன், கோஸ்டல் அண்ட் ஷெல்ஃப் சயின்ஸ்’ என்ற ஆய்விதழ், தொகுதி 65, பக்கம் 601 முதல் 606 வரை. அதே ஆண்டு அக்டோபர் 28இல் ‘சயின்ஸ்’ இதழில் டேனியல்சனும் பலரும் சேர்ந்து எழுதிய ஒரு பக்கக் கட்டுரை வந்தது. அதற்கும் களம் கடலூர் மாவட்டக் கடற்கரைதான். 2006இல் கெர், பேர்ட், கேம்ப்பெல் மூவரும் கதிரேசன் கட்டுரையை அதே ஆய்விதழின் தொகுதி 67இல் மறுத்தார்கள். ஊர் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது, எவ்வளவு மேட்டில் இருந்தது என்பவையே சாவு எண்ணிக்கையைத் தீர்மானித்தன, காட்டின் பங்கு சொல்லும்படி இல்லை என்பது அவர்கள் வாதம். அதற்கு வெர்மாட், தம்பன்யா இருவரும் தொகுதி 69இல் காட்டுக்குச் சாதகமாக எழுதினார்கள்.

யார் பக்கம் நியாயம் என்பது வேறு பஞ்சாயத்து. முதல் வருட ஆய்வு மாணவி ஒருத்தி இத்தனையையும் அறிய என்ன செய்ய வேண்டியிருந்தது என்று பாருங்கள். பிச்சாவரம், சுனாமி என்று இரண்டே சொல் போட்டாள். கதிரேசன் கட்டுரை வந்தது. அதன் கீழேயே, அதை மேற்கோள் காட்டியவர்கள் வரிசை. மறுப்பு ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அதுவாகவே வந்து நிற்கிறது. மறுப்புக்கு மறுப்பும் அப்படியே.

இதற்கு இணையான தமிழ் வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 1930களின் நடுவில் பாரதி மகாகவியா இல்லையா என்று ஒரு சண்டை. பெரிய கவி, ஆனால் மகாகவி அல்ல என்ற தரப்பில் கல்கி. எதிர்த்தரப்பில் வ.ரா., கு.ப. ராஜகோபாலன், சிட்டி. சண்டை ஒரே பத்திரிகையில் நடக்கவில்லை, இங்கே ஒரு அடி விழுந்தால் அங்கே ஒரு உதை. கு.ப.ரா.வும் சிட்டியும் எழுதியவை 1937இல் ‘கண்ணன் என் கவி’ என்று நூலானதால் பிழைத்தன. நூலாகாத மற்றவற்றை, வாசகர் கடிதம் உட்பட, பார்க்க விரும்புகிறவருக்கு எந்தக் கட்டுரையும் தன் மறுப்பைக் காட்டிக்கொடுக்காது. கா. சிவத்தம்பியும் அ. மார்க்ஸும் ‘பாரதி: மறைவு முதல் மகாகவி வரை’ எழுதியபோது இந்த வாதப் பிரதிவாதத்தை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். சண்டை முடிந்து ஏறத்தாழ 50 ஆண்டு ஆகியிருந்தது.

சரி, தமிழ்ப் பக்கத்து மாணவர் நூலகத்துக்குள் போகட்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் பிறந்தது, அதற்கு முன்பே 1920இல் தொடங்கிய மீனாட்சிக் கல்லூரியும் பின்னால் தமிழ்க் கல்லூரியும் இருந்தன. உ.வே.சா. முதல்வராக இருந்த ஊர், பண்டிதமணி கதிரேசச் செட்டியாரும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் பாடம் சொன்ன ஊர். இப்படிப்பட்ட இடத்தில் பழைய இதழ் இருக்காது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தமிழ் ஆய்வாளருக்கு ‘இருக்கிறது’ என்பதற்கும் ‘கிடைக்கிறது’ என்பதற்கும் நடுவில்தான் ஆயுள் கழிகிறது.

முதல் முட்டு, எண். ஆங்கில ஆய்விதழில் தொகுதி 65 என்றால் 65தான். செந்தமிழ்ச் செல்வியில் தொகுதிக்குப் பெயர் ‘சிலம்பு’, இதழுக்குப் பெயர் ‘பரல்’. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தமிழ்ப் பொழிலில் தொகுதி ‘துணர்’, இதழ் ‘மலர்’. வேறு பத்திரிகைகளில் தொகுதிக்கே மலர் என்று பெயர். ஒருவர் அடிக்குறிப்பில் ‘மலர் 4’ என்று மட்டும் போட்டிருந்தால் அது நாலாம் ஆண்டா நாலாம் இதழா என்று பத்திரிகையின் குலம் கோத்திரம் தெரிந்தவரே சொல்ல முடியும். சிலம்புக்குள் பரல் என்பது எவ்வளவு அழகான கற்பனை! அந்த அழகுக்கு ஆய்வு மாணவர் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆண்டும் அப்படியே. பிரபவ என்று போட்டிருந்தால் 1927ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். தாளின் பழுப்பைப் பார்த்துத்தான் முடிவுகட்ட வேண்டும். மார்கழி இதழ் என்றால் டிசம்பரா ஜனவரியா என்ற கேள்வி. இதோடு பைண்டிங் சேர்ந்துகொள்ளும். உதிரி இதழ்களைச் சேர்த்துக் கட்டும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் எடுத்துவிடுவது பல இடங்களில் பழக்கம். தேதியும் ஆசிரியர் பெயரும் உள்ளடக்கமும் அந்த அட்டையில்தான் இருந்தன என்பது பைண்டருக்குத் தெரியாது. தெரிந்தவர் சொல்லவும் இல்லை.

அடுத்த முட்டு, பெயர். இதில் புதுமைப்பித்தனை மிஞ்ச ஆள் இல்லை. சொ.வி., நந்தன், கூத்தன், கபாலி, மாத்ரு, ரசமட்டம், சுக்ராச்சாரி என்று எழுதினார். கவிதைக்கு வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை. 1933இல் ‘காந்தி’ பத்திரிகையில் ‘குலாப்ஜான் காதல்’, 1934இல் ‘மணிக்கொடி’யில் ‘ஆற்றங்கரைப் பிள்ளையார்’ என்று தொடங்கி, 1948இல் இறப்பதற்குள் எங்கெல்லாமோ எழுதித் தள்ளிவிட்டார். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அன்னை இட்ட தீ’யையும், அதன் பின் 2000இல் காலச்சுவடு வெளியீடாகப் ‘புதுமைப்பித்தன் கதைகள்’ செம்பதிப்பையும் கொண்டுவந்தபோது, கதைகளின் முதல் வெளியீட்டை இதழ் இதழாகத் தேடி, பத்திரிகைப் பாடத்தையும் நூல் பாடத்தையும் ஒப்பிட்டார். இன்றைக்கு நாம் ஒரு கதைக்கு நேரே பத்திரிகைப் பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை நாள் தூசி என்பது தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நானும் ஒருமுறை ஒரு நூலகத்தில், பெயர் வேண்டாம், நாலு நாள் புரட்டிய பிறகு வேண்டிய இதழைக் கண்டுபிடித்தேன். வேண்டிய பக்கம் மட்டும் பிளேடால் அறுத்து எடுக்கப்பட்டிருந்தது. அறுத்தவரும் எனக்கு முன்னால் அதே கட்டுரையை இதே பாடுபட்டுக் கண்டுபிடித்தவர்தானே என்று நினைத்தபோது கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

கணினிப் பக்கத்துப் பெருமைக்கு வருவோம். பிச்சாவரம் மாணவிக்குக் கட்டுரையைக் கொடுத்தது யார்? திரைக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சலிக்காமல் நடந்த கைவேலை இருக்கிறது. விலங்கியலில் எங்கே என்ன எழுதப்பட்டது என்று தொகுக்கும் ‘சுவாலஜிக்கல் ரெக்கார்ட்’ 1860களில் தொடங்கியது. வேதியியலுக்கு ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ 1907இல். ‘பயாலஜிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ 1926இல். கட்டுரை ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் படித்து, சுருக்கம் எழுதி, எந்தத் தலைப்பின் கீழ் வைக்கலாம் என்று முடிவுசெய்து, ஆசிரியர் பெயரை ஒரே மாதிரி எழுதிவைத்தார். யார் யாரை மேற்கோள் காட்டினார் என்பதைத் தொகுக்கும் சைட்டேஷன் இண்டெக்ஸை யூஜின் கார்ஃபீல்ட் 1964இல் கொண்டுவந்தார். மாணவி முன் மறுப்புக் கட்டுரை தானாக வந்து நின்றதே, அதற்கு மூலம் இதுதான். நம் நாட்டிலும் 1952இல் அறிவியல் ஆவண மையமான இன்ஸ்டாக் வந்தது, 1965 முதல் ‘இந்தியன் சயின்ஸ் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ வந்தது. கணினி வந்தபோது அதன் வாயில் ஊட்டுவதற்குச் சமைத்த சோறு தயாராக இருந்தது.

தமிழ் இதழ்களுக்கு அந்தச் சமையல் நடக்கவில்லை. முயன்றவர்களும் நூலோடு நின்றார்கள். இதே அண்ணாமலையில் தமிழ் படித்த தனிநாயக அடிகள் 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கியவர். 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து தமிழியல் ஆய்வுக்கு ஒரு நோக்கு நூல் வெளியிட்டார். பெரிய வேலைதான். ஆனால் தலைப்பிலேயே ‘நூல்கள்’ என்று இருக்கிறது, கட்டுரைகளுக்கு அதில் இடமில்லை.

இந்த இடத்தில் ரங்கநாதனைச் சொல்லாமல் போக முடியாது. சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் சீர்காழி. நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் 1892இல் பிறந்தது அங்கேதான். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. 1934இல் எழுதிய பட்டியலாக்க விதிகளில், நூலுக்குள் புதைந்திருக்கும் ஒரு பகுதிக்கும் தனியாகக் குறுக்குப் பதிவு போட இடம்வைத்தார். முழு நூலைப் பட்டியலிட்டால் போதாது, உள்ளே இருப்பதையும் காட்டிக்கொடு என்பதே அதன் பொருள். கேட்லாகில் ‘செந்தமிழ், 1902 முதல்’ என்று ஒரு கார்டு போட்டு டிராயரை மூடினால், ரங்கநாதன் கணக்கில் அது பட்டியலே அல்ல. ஆற்றுக்கு அக்கரையில் பிறந்தவரின் நாலாம் விதி இக்கரைத் தமிழ் இதழ்களுக்கு வந்து சேராதது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ஸ்கேன் செய்துவிட்டோமே என்பார்கள். செய்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள், அவர் 1992இல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றன. அது இல்லையென்றால் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் இதழியலில் பாதி பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பருவ இதழ்கள் ஏராளம். முன்பு சென்னைக்கு ரயில் ஏறவேண்டிய ஆய்வாளர் இன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தபடியே பழைய இதழைத் திறக்கிறார். திறந்த பிறகு? அதே புரட்டல்தான். விரலுக்குப் பதில் மவுஸ். படமாக நிற்கும் பக்கத்தில் சொல்லைத் தேட முடியாது. எழுத்துணரி மென்பொருளை ஓட்டினாலும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘னை’, ‘றா’ வடிவங்களில் தடுக்கி விழுகிறது. மங்கிய அச்சு என்றால் கேட்கவே வேண்டாம்.

இதற்குள் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அது தமிழ்நாட்டில் இல்லை. ஈழத்துத் தன்னார்வலர்கள் 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தில் ஒரு சிற்றிதழின் பக்கத்துக்குப் போனால், அந்த இதழில் என்ன கட்டுரை, என்ன கவிதை, எழுதியவர் யார் என்று உள்ளடக்கத்தைத் தட்டச்சு செய்து வைத்திருப்பதைப் பல இதழ்களுக்குப் பார்க்கலாம். அதனால் ‘மல்லிகை’ என்ற ஈழத்து இதழில் ஒருவர் எழுதியது கூகுளில் அகப்படுகிறது. பெரிய கருவி எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை. போருக்கு நடுவில், காசில்லாமல், உள்ளடக்கப் பக்கத்தைப் பார்த்து யாரோ உட்கார்ந்து அடித்தார்கள். அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

ஒப்பிடுகிறேன் என்று ஒரு பக்கத்துக்கே மாலை போடக்கூடாது. பிச்சாவரம் மாணவியின் வழியிலும் முள் உண்டு. கட்டுரை இருக்கிறது என்று தெரிவது இலவசம், படிப்பதற்குக் காசு. ஒரே நாடு ஒரே சந்தா என்ற மத்திய அரசுத் திட்டம் 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்று 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் கதவு திறந்திருக்கிறது. ஆய்வை வளாகத்துக்கு வெளியே தனியாகச் செய்கிறவருக்கு, பணி ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு, அந்தக் கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது. பெயர்த் தகராறு அங்கேயும் உண்டு. நம் இனிஷியல் முறை மேற்கத்தியப் படிவத்துக்குள் அடங்காது, அப்பா பெயர் குடும்பப் பெயராகி ஒரே ஆள் இரண்டு ஆளாக நிற்பதைத் தரவுத்தளங்களில் தினமும் பார்க்கலாம். தரவுத்தளம் பொறுக்கி எடுத்த இதழ்களுக்கு வெளியே எழுதியவர் அதற்கு இல்லாதவரே. சுரபுன்னையைக் கண்டல் என்றும் அலையாத்தி என்றும் சொல்கிற மீனவரின் அறிவு தமிழ்ச் சிற்றிதழில் வந்திருந்தால், மாணவி அதைப் பார்க்க வழியே இல்லை.

மெதுவான தேடலுக்கு இருக்கும் ஒரு வரவையும் எழுதிவிட வேண்டும். மணிக்கொடியைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறவர், 1933இல் வாரப் பத்திரிகையாக அரசியல் பேசியது 1935இல் பி. எஸ். ராமையா கையில் சிறுகதைப் பத்திரிகையாகும் மாற்றத்தைக் கண்ணாலேயே காண்கிறார். தேடிப் போனது புதுமைப்பித்தனை, கையில் தடுக்குவது மௌனி. இந்த ருசியை எந்தத் தேடுபெட்டியும் தராது. ஆனால் இதைச் சொல்லிச் சொல்லியே நாம் வேலையைத் தள்ளிப் போட்டிருக்கிறோம் என்பதும் உண்மை. ருசிக்காகப் புரட்டுகிறவர் எப்போதும் புரட்டட்டும். மற்றவர்களையும் கட்டாயப்படுத்திப் புரட்டவைப்பது ருசியாகாது.

வேலை எவ்வளவு பெரிது? ஒரு மாத இதழ், இதழுக்கு எட்டுக் கட்டுரை என்று கணக்கு வையுங்கள். ஆண்டுக்கு 96. ஐம்பது ஆண்டு ஓடியிருந்தாலும் ஐயாயிரத்தைத் தொடாது. நாளைக்கு ஐம்பது பதிவு போட்டால் ஒரு மாணவருக்கு நூறு நாள் வேலை. ஒரு துறை பத்து மாணவர்களுக்கு ஆளுக்கொரு இதழைக் கொடுத்தால், ஒரு கல்வியாண்டில் பத்து இதழின் அடைவு வந்துவிடும். ஆசிரியர் பெயர், புனைபெயர், தலைப்பு, சிலம்பு, பரல், ஆங்கில மாதம், பக்கம். ஏழு பத்தி, அவ்வளவே. புனைபெயருக்கு நேரே இயற்பெயரை எழுத மட்டும் வயதான ஆசிரியர் ஒருவரின் நினைவு வேண்டும். அதற்கும் அதிக காலம் இல்லை.

அமெரிக்காவில் பத்திரிகைக் கட்டுரைகளுக்கான முதல் பொது அடைவை வெளியிட்ட வில்லியம் பூல், அந்த வேலையைத் தொடங்கியபோது யேல் கல்லூரி மாணவர். மாணவர் சங்கம் ஒன்றின் நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சக மாணவர்கள் கட்டுரை கேட்டு வந்து ஏமாந்து போவதைக் கண்டு உட்கார்ந்து எழுதினார். 1848இல் அது அச்சானது. அப்போது மின்விளக்குகூடக் கிடையாது.

ஆகையால் பருவ இதழ்ப் பிரிவில் அடுத்த முறை பழைய பைண்ட் வால்யூம் ஒன்றைப் பிரிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்களுக்கு வேண்டிய நாலு பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்தவுடன் எழுந்துவிடாதீர்கள். அந்த ஆண்டின் பன்னிரண்டு உள்ளடக்கப் பக்கங்களையும் பிடித்துக்கொண்டு, வீட்டில் தட்டச்சு செய்து, உங்கள் துறைக்கும் நூலகருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.